ஹெல்த் 81 என்கிறார்கள், ஓடுவது 56 கிலோமீட்டர்தான்: மீதி எங்கே போனது?

சத்துவாச்சாரி_சக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். 2022 தீபாவளிக்கு எடுத்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் என்னுடையது. பேட்டரி 2.9 கிலோவாட் மணி, என்எம்சி வகை (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் அயான்) என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில். போக வர 44 கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாள். மீட்டர் இப்போது 34,000-ஐத் தாண்டிவிட்டது.

புதிதில் முழு சார்ஜில் 86 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போட்ட கணக்கு இல்லை, நானே ஓட்டி எழுதி வைத்த கணக்கு. போன ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே பாகாயம், காட்பாடி என்று ஊரைச் சுற்றிப் பார்த்தேன், 56-வது கிலோமீட்டரில் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கிவிட்டது. அதைவிட எரிச்சல் என்னவென்றால், சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ரத்தினகிரி தாண்டும்வரை சதவீதம் ஒழுங்காகத்தான் இறங்குகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வந்து ஒரு மேடு ஏற முறுக்கினால் 22 இருந்த இடத்தில் 6 நிற்கிறது. இந்த மாதம் மட்டும் மூன்று தடவை. ஒரு தடவை டீக்கடையில் நின்றவர் "பெட்ரோல் தீந்துச்சா?" என்று வேறு கேட்டார். என்ன பதில் சொல்ல?

ஷோரூமுக்குக் கொண்டு போனேன். லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஹெல்த் 81 சார், 70-க்குக் கீழே போனால்தான் வாரண்டி. வேணும்னா புதுசு போட்டுக்கோங்க" என்று 62,000 ரூபாய் சொன்னார்கள், 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்குள் அடக்கமாம். வாரண்டி மூன்று வருடம், வரும் அக்டோபரோடு முடிகிறது.

ஹெல்த் என்றால் புதிதில் பிடித்த சார்ஜில் எத்தனை சதவீதத்தை பேட்டரி இப்போதும் பிடிக்கிறது என்ற கணக்காம். என் கேள்வி இதுதான். 86-ல் 81 சதவீதம் என்றால் 70 கிலோமீட்டராவது ஓட வேண்டாமா? 56-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கிற 14 கிலோமீட்டர் எங்கே போனது? அவர்கள் காட்டிய 81 பொய்யா, இல்லை எனக்குத்தான் ஏதோ புரியவில்லையா?

குடியாத்தம்_லுங்கி

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, இப்போ ரேஞ்ச் இல்லாத வண்டியா. நம்ம ஊர் ராசி அப்படிங்க.

நான் 2019-ல் மெதுவாகப் போகிற வகையில் ஒரு வண்டி எடுத்தேன், லைசென்ஸ் வேண்டாத ரகம். உள்ளே ஐந்து லெட் ஆசிட் பேட்டரி, ஒவ்வொன்றும் 12 வோல்ட். பதினான்கே மாதம். அதற்குள் பாதி தூரத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் திண்ணையில் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தது, அப்புறம் தட்டு முழுக்க சல்ஃபேட் படிந்துவிட்டது என்று பேட்டரிக் கடைக்காரர் கைவிட்டுவிட்டார். உங்களுக்கு மூன்று வருடத்துக்கு அப்புறமும் 81 என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பேட்டரி_பாய்_ஆற்காடு

தம்பி, 62,000-ஐ எடுத்து உள்ளே வையுங்கள் முதலில். நான் ஆற்காட்டில் பேட்டரி வேலை பார்க்கிறவன், வாரத்துக்கு நாலு பேராவது இதே கதையோடு வருகிறார்கள். இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கிறது என்பது ஒன்று, அந்த மின்சாரத்தில் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பது இன்னொன்று. குடத்தில் தண்ணீர் குறைந்ததா, செம்பு பெரிதானதா என்று பார்க்காமல் குடத்தையே மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் அந்த 22-லிருந்து 6 விவகாரம். உங்கள் பெட்டிக்குள் அனேகமாக 14 வரிசை செல் இருக்கும், ஒவ்வொரு வரிசையிலும் பல செல் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பற்ற வைத்திருக்கும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், பதினான்கும் சேர்ந்து 58.8. கான்கிரீட் போடுகிற அன்றைக்குச் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதினான்கு பேரில் ஒருத்தர் களைத்துப் போனால் மற்ற பதின்மூன்று பேருக்கும் தெம்பு இருந்தும் வேலை நின்றுவிடும். இதுவும் அதேதான். சமதரையில் மெதுவாகப் போகும்போது பலவீனமான வரிசை சமாளித்துவிடும். மேட்டில் முறுக்கினீர்கள் என்றால் கரண்ட் அதிகம் இழுக்கும், அந்த வரிசையின் வோல்டேஜ் மட்டும் தொப்பென்று விழும், செல்களைக் கண்காணிக்க உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்ற சர்க்யூட் பயந்துபோய் சதவீதத்தைக் குறைத்துக் காட்டும், இன்னும் விழுந்தால் வண்டியையே நிறுத்திவிடும். வயசானவர் தெருவில் நன்றாக நடப்பார், மாடிப்படி ஏறும்போதுதானே மூச்சு வாங்கும்.

ஆனால் குதிக்கிறது என்றதுமே செல் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வரிசைகளுக்குள் சமநிலை கெட்டிருந்தாலும் குதிக்கும், பிஎம்எஸ் மனக்கணக்கில் தப்பு சேர்ந்துவிட்டாலும் குதிக்கும். நிறைய வண்டியில் இந்தச் சமன்படுத்துகிற வேலை முழு சார்ஜுக்குக் கிட்டே போனால்தான் நடக்கும், அதுவும் ரொம்ப மெதுவாக. 100 வந்ததும் பிளக்கைப் பிடுங்குகிற ஆளா நீங்கள்?

இப்போது செய்ய வேண்டியது. கடையில் பிளக்கில் செருகுகிற யூனிட் மீட்டர் கிடைக்கும், எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் தருவார்கள். வண்டியை ஆமை வேகம் வரும்வரை ஓட்டி, அரைமணி ஆறவிட்டு, மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றி எத்தனை யூனிட் இழுத்தது என்று எழுதுங்கள், ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணிதான். சார்ஜரில் சூடாகவே நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு போய்விடும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். புதிதில் உங்கள் வண்டி சுவரிலிருந்து ஏறக்குறைய 3.3 யூனிட் இழுத்திருக்கும்.

அப்புறம் டயர் காற்று. அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். இதைச் செய்துவிட்டு வாருங்கள், மீதியைப் பேசுவோம்.

வேதியியல்_வாத்தியார்

பாய் சொன்னது அத்தனையும் சரி. ஹெல்த் 81 என்பதே ஏன் வந்தது என்று மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அது ஓட்டியதால் மட்டும் வந்ததில்லை.

34,000 கிலோமீட்டரை முழு சார்ஜ் கணக்குக்கு மாற்றினால் 400-லிருந்து 500 சுழற்சிக்குள்தான் வரும். பாதி இறக்கி பாதி ஏற்றினால் அது அரைச் சுழற்சி, தினமும் பிளக் போட்டதையெல்லாம் ஒன்று ஒன்றாக எண்ணக்கூடாது. நல்ல என்எம்சி செல் 80 சதவீதத்துக்கு இறங்க 800, 1,000 சுழற்சியாவது ஆகும். அப்படியென்றால் உங்கள் பேட்டரி பாதி வேலை செய்து முழு மூப்பு அடைந்திருக்கிறது. மீதி மூப்பு எங்கிருந்து வந்தது? சும்மா நின்றபோது வந்தது.

லித்தியம் அயான் செல்லில் ஒரு பக்கம் கிராஃபைட். முதல் தடவை சார்ஜ் ஆகும்போதே அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது தேவையான படலம், அது இல்லாவிட்டால் செல்லுக்குள் இருக்கிற எலக்ட்ரோலைட் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். தொல்லை என்னவென்றால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்பு ஏறுமே, அந்த மாதிரி. உப்பு ஏறினால் தண்ணீர் சூடாக நேரமாகும். இங்கே படலம் தடித்தால் உள் மின்தடை கூடும். கூடவே, படலத்துக்குள் மாட்டிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது, அதுதான் கொள்ளளவுக் குறைவு. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முகம். உங்கள் ரேஞ்ச் குறைந்ததும் மேட்டில் வோல்டேஜ் விழுவதும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

இந்தப் படலத்தை வேகமாக வளர்க்கிறவை இரண்டு: சூடு, முழு சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரிப் பாடங்களில் அடிக்கடி காட்டும் ஒரு அட்டவணை உண்டு. ஒரு வருடம் சும்மா வைத்தால் 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் இருந்த செல்லுக்கு 96 மிஞ்சும், முழு சார்ஜில் இருந்ததற்கு 80. அதே 40 டிகிரியில் வைத்தால் 85-ம் 65-ம். செல்லுக்குச் செல் மாறும், இன்றைய செல்கள் இதைவிட நன்றாகவே தாங்கும், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது. நம்முடையது வேலூரா வெயிலூரா என்று நாமே கேலி பேசுகிற ஊர். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது, தகரக் கூரைக்கு அடியில் நிற்கிற வண்டியின் சீட்டுக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியைக் கம்பெனியில் எங்கே நிறுத்துகிறீர்கள், வீட்டில் எப்போது சார்ஜ் போடுகிறீர்கள், இரண்டையும் சொல்லுங்கள்.

இடையில் ஒன்று, இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தப் பேட்டரி சோனி வழியாகச் சந்தைக்கு வந்தது 1991-ல். நோபல் கொடுத்தது 2019-ல். வாங்கிய மூவரில் குடினஃபுக்கு அப்போது வயது 97. பேட்டரி மூன்று வருடத்தில் கிழடாகிறது, அவர் 97-லும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கஸ்பா_அக்கா

நான் நர்ஸ், ஷிப்ட் வேலை. என் கதை நேர் எதிர். முழு சார்ஜில் வைத்துக் கெடுத்தவள் இல்லை, காலியாக வைத்துக் கெடுத்தவள்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது வண்டியில் 4 சதவீதமோ என்னவோ இருந்தது. அன்றைக்கு இருந்த அவசரத்தில் யார் அதைப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து வந்து சாவி போட்டால் ஒரு விளக்கு எரியவில்லை, சார்ஜர் செருகினாலும் பச்சை விளக்கே எரிகிறது, ஏறுவதே இல்லை. பக்கத்தில் ஒரு கடையில் "பூஸ்ட் கொடுத்து எழுப்பிடலாம்க்கா" என்று வேறு ஏதோ சார்ஜரை நேராகக் கொடுத்து எழுப்பினார்கள். எழுந்தது. இரண்டு வாரம் ஓடியது. ஆனால் சார்ஜ் போடும்போதெல்லாம் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி கொதிக்கும். வீட்டுக்காரர் பயந்து வாசலில் தூக்கி வைத்துவிட்டார். கடைசியில் பேட்டரியையே மாற்றினோம். அந்தக் கடைக்காரர் செய்தது சரிதானா பாய்?

பேட்டரி_பாய்_ஆற்காடு

சரியே இல்லை அக்கா, வாசலில் தூக்கி வைத்த உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வண்டியை அணைத்துவிட்டாலும் பிஎம்எஸ், டிராக்கர் எல்லாம் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 4 சதவீதம் மூன்று மாதத்துக்கு எங்கே காணும். செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நாள் கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் போய்ப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் அடிக்கும். பிஎம்எஸ் சார்ஜ் ஏற்ற மறுத்தது கோளாறு இல்லை, உங்களைக் காப்பாற்றத்தான் மறுத்தது. அதை ஏமாற்றி எழுப்பியதுதான் ஆபத்து. நம் வேலூரிலேயே 2022 மார்ச்சில் சார்ஜ் போட்டிருந்த வண்டியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் போனார்களே, மறந்துவிட முடியுமா. அதற்கு என்ன காரணமோ, அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஒன்று சொல்கிறேன்: வீட்டுக்கு உள்ளே, வெளியே போகிற வழியை மறித்து, எல்லோரும் தூங்குகிற நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

நாள் கணக்கில் ஊருக்குப் போகிறீர்களா, பாதி சார்ஜில், நிழலில் விட்டுப் போங்கள். மாதம் ஒரு முறை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். சிலர் பெட்டியைப் பிரித்துச் செத்த வரிசையை மட்டும் புது செல் போட்டு மாற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கிழட்டு மாட்டோடு இளங்காளையை ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி, ஆறே மாதத்தில் பக்கத்து வரிசை படுத்துவிடும். செல் பொருத்தம் பார்த்துப் போட்டால் ஓரளவு ஓடும், ஆனால் வாரண்டி இருக்கிற பெட்டியை யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி_சக்கரம்

வாத்தியார் சார், பாய், இரண்டு பேருக்கும் சேர்த்து வாக்குமூலம்.

கம்பெனியில் பாய்லர் ஷெட்டுக்குப் பின்பக்கம் தகரக் கூரை. அங்கேதான் ஒன்பது மணி நேரம் நிற்கிறது. வீட்டுக்கு ஏழு மணிக்கு வந்ததும் வராததுமாக, வண்டி கொதிக்கக் கொதிக்க பிளக்கைச் செருகிவிடுவேன், பன்னிரண்டு மணிக்குள் 100 ஆகிவிடும், காலை ஏழரை வரை அப்படியே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாவிட்டாலும் சனிக்கிழமை ராத்திரி ஏற்றி முழுசாக நிறுத்தி வைப்பேன், திங்கட்கிழமை காலையில் தேடக் கூடாது என்று. இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

பாய் கேட்ட கேள்விக்கு: ஆமாம், 100 ஆனதுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பேன், சில நாள் தூக்கம் தாங்காமல் 97, 98-லேயே பிடுங்கிவிடுவேன்.

மீட்டர் வாங்கிவிட்டேன். முடிவோடு வருகிறேன்.

வேதியியல்_வாத்தியார்

வண்டி வந்ததும் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். சார்ஜ் முடிகிற நேரமும் கிளம்புகிற நேரமும் கிட்டக்கிட்ட இருந்தால் நல்லது. டைமர் சுவிட்ச் போட்டு ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கும்படி வைத்தால் ஏழு மணிக்கு முடியும், முழு சார்ஜில் நிற்கிற நேரம் அரைமணியாகச் சுருங்கும். முடிந்தால் தினமும் 80-ல் நிறுத்துங்கள்.

பேட்டரி_பாய்_ஆற்காடு

வாத்தியாரே, இரண்டு மணிக்கு யார் முழித்துக்கொண்டிருப்பார்கள்? இப்போதுதானே தூங்கும்போது சார்ஜ் வேண்டாம் என்று எழுதினேன். அதோடு 80 கணக்கும் தம்பிக்கு ஒத்து வராது. இப்போது இருக்கிற நிலையில் 44 கிலோமீட்டருக்கே 79 சதவீதம் போய்விடுகிறது, 80 வைத்துக் கிளம்பினால் திரும்பி வரும்போது மேல்விஷாரம் தாண்டியதிலிருந்து மனசு அடித்துக்கொண்டே வரும், வீட்டு வாசலில் தள்ளத்தான் வேண்டும். 80-ல் நிறுத்து என்பது தினமும் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நல்ல யோசனை.

ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முழித்திருக்கும்போது பாதி ஏற்றுங்கள், காலையில் ஐந்து மணிக்கு எழுந்ததும் மீதியை ஏற்றுங்கள். வாரம் ஒரு தடவை 100 வந்த பிறகும் ஒரு இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள், வரிசைகள் சமப்படட்டும்.

வேதியியல்_வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன் பாய். செல் ஆயுளை மட்டும் பார்த்துவிட்டேன், வீட்டு ஆட்களின் ஆயுளை விட்டுவிட்டேன். உங்கள் ஏற்பாடே நல்லது.

சத்துவாச்சாரி_சக்கரம்

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முடிவு வந்துவிட்டது.

மீட்டர் காட்டியது 2.6 யூனிட். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை போட்டேன், மறுபடியும் 2.6. ஷோரூம்காரர் 81 என்று சொன்னது பொய்யாக இருக்கும் என்று கையில் ஆதாரத்தோடு போய் நிற்க வேண்டுமென்று இருந்தேன், அது நடக்கவில்லை. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான்.

டயர் கதை கேவலம். பின் டயரில் 32 இருக்க வேண்டும் என்று என் வண்டிப் புத்தகம் சொல்கிறது. இருந்தது 17. முன்னால் 14. பெட்ரோல் வண்டி இருந்தவரை பங்க்குக்குப் போகும்போதே காற்றும் பிடித்துவிடுவேன். இது வந்ததிலிருந்து பங்க் பக்கமே போவதில்லை, காற்றும் மறந்தே போய்விட்டது.

அப்புறம் சக்கரம். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைச் சுண்டிவிட்டேன், அரைச் சுற்று சுற்றி "சர்ர்ர்" என்று நின்றுவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் டிஸ்கில் நாலு சொட்டு தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது. வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். பிரேக் கட்டையை டிஸ்கில் அழுத்துகிற காலிப்பரின் பின்னில் (ஊசியில்) சேறும் தூசியும் ஏறிக் கெட்டியாகிவிட்டது என்று மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டுக் கொடுத்தார், 250 ரூபாய்.

இந்த ஞாயிறு அதே பாகாயம், காட்பாடி சுற்று. 64 கிலோமீட்டர் ஓடியது. ஆனால் வேலை நாளில் அந்த அளவுக்கு வரவில்லை. காலையில் போகும்போது 30 சதவீதம் குறைகிறது, சாயங்காலம் வரும்போது 41 குறைகிறது. அதே ரோடு, அதே ஆள். இது என்ன கணக்கு?

குடியாத்தம்_லுங்கி

காலையில் டிபன் பாக்ஸ் நிறைய, சாயங்காலம் காலி. எடை குறையத்தானே வேண்டும்? இன்னா கணக்கு இது.

பேட்டரி_பாய்_ஆற்காடு

தம்பி, இது ஆடி மாசம். அம்மியையே நகர்த்துகிற காத்து மேற்கிலிருந்து அடிக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து சத்துவாச்சாரிக்கு நீங்கள் மேற்கே பார்த்து வருகிறீர்கள், காலையில் அதே காத்து முதுகில் தள்ளும், சாயங்காலம் நெஞ்சில் முட்டும். பைபாஸில் எவ்வளவு வேகம் வருகிறீர்கள்?

சத்துவாச்சாரி_சக்கரம்

60, 65. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் 70.

வேதியியல்_வாத்தியார்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் 65-ல் போகும் வண்டி 85-ல் போகிற மாதிரி காற்றைக் கிழிக்க வேண்டும். 65-க்கு 85 என்றால் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. சர்வீஸ் ரோடு பக்கமாக 50-ல் வாருங்கள், ஆறேழு நிமிடம் கூடும், அவ்வளவுதான். புரட்டாசிக்குள் காற்று அடங்கிவிடும், அப்போது மறுபடி பாருங்கள்.

இப்போது உங்கள் 14 கிலோமீட்டர் கணக்கைத் தீர்த்துவிடலாம். 2.6 யூனிட்டில் சார்ஜர் இழப்பைக் கழித்தால் பெட்டிக்குள் போனது 2.29. புதிதில் 2.9. அப்படியென்றால் 79 சதவீதம், ஷோரூமின் 81-க்குப் பக்கம்தான். புதிதில் 2.9 யூனிட்டில் 86 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 34 வாட் மணி. டயரும் பிரேக்கும் கெட்டிருந்தபோது 2.29 யூனிட்டில் 56, கிலோமீட்டருக்கு 41. பேட்டரி ஐந்தில் ஒரு பங்கைத் தின்றது, வண்டி இன்னொரு ஐந்தில் ஒரு பங்கைத் தின்றது. இப்போது 64 வருகிறது என்றால் 36-க்குக் கீழே வந்துவிட்டீர்கள். பேட்டரி தின்றது திரும்ப வராது. வண்டி தின்றதில் பெரும்பகுதி 250 ரூபாயில் வந்துவிட்டது.

கஸ்பா_அக்கா

இதைப் படித்துவிட்டு என் வண்டிக்கும் காற்று பார்த்தேன். முன்னால் 11. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பேட்டரி_பாய்_ஆற்காடு

தம்பி, ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அக்டோபருக்கு முன்னாடி ஷோரூமில் ஹெல்த் அறிக்கையை வாயால் வாங்காமல் பேப்பரில் வாங்குங்கள், தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜ் எல்லாம் இருக்கிற மாதிரி. தரமாட்டோம் என்றால் மெயிலில் கேளுங்கள், கேட்ட தேதியாவது பதிவில் இருக்கும். முழு சார்ஜில் எல்லா வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, 20 சதவீதத்துக்குக் கீழே போகும்போது ஒரே ஒரு வரிசை மட்டும் தனியாகத் தாழ்ந்தால் அது வயசு இல்லை, அந்த வரிசையில் பழுது. ஹெல்த் 81 இருந்தாலும் அதைக் காட்டிச் சண்டை போடலாம். அதனால் சார்ஜ் நிறைய இருக்கும்போது வண்டியைக் கொண்டு போகாதீர்கள், 15-ல் கொண்டு போங்கள். நிறைந்திருக்கும்போது எல்லா வரிசையும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

22-லிருந்து 6 இன்னும் குதிக்கிறதா?

சத்துவாச்சாரி_சக்கரம்

நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை 100 வந்த பிறகும் இரண்டு மணி நேரம் விட்டேன் பாய். இந்த வாரம் ஒரே ஒரு தடவை குதித்தது, 19-லிருந்து 14. முன்பு மாதிரி இல்லை. கம்பெனியில் செக்யூரிட்டி அண்ணனிடம் சொல்லி வேப்பமரத்தடிக்கு வண்டியை மாற்றிவிட்டேன், காக்கா எச்சம்தான் தொல்லை, சீட்டுக்கு ஒரு பழைய லுங்கி போர்த்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு. 15 சதவீதம் வரும்வரை ஓட்டிவிட்டு நேராக ஷோரூமுக்குப் போகிறேன்.

குடியாத்தம்_லுங்கி

லுங்கி குடியாத்தம் லுங்கிதானே?